சிறுகோடு சுமக்கும் பொருள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கணினியைப் பணிகொள்ளச் சுட்டியும் படவுருக்களும் மட்டுமே வழியல்ல. சொற்களைத் தட்டச்சு செய்து ஏவும் வழியும் உண்டு. அவ்வழியில் ஒரு சிறுகோடு, ஓர் எழுத்து, ஓர் இடைவெளி ஆகியவற்றுள் எது பிறழினும் பணி பிறழும். இத்தகைய கட்டளைகளை விளக்கி எழுதுவோர், எதை அப்படியே உள்ளிட வேண்டும், எதை மாற்றி எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பவற்றை முகமறியாத வாசகருக்கு எவ்வாறு உணர்த்துகின்றனர்? அதற்கென உருவான குறியிடல் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கட்டளையும் விருப்பத்தேர்வும்

ஒரு தேர்வில் நால்வர் பெற்ற மதிப்பெண்கள் 85, 9, 100, 70 என ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக உள்ளன எனக் கொள்வோம். அவற்றை ஏறுவரிசையில் அடுக்க, யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் 'சார்ட்' என்னும் கட்டளை உண்டு. கட்டளையின் பெயரையும் கோப்பின் பெயரையும் மட்டும் உள்ளிட்டால் 100, 70, 85, 9 என்னும் வரிசையே கிடைக்கும். கணினி பிழை செய்யவில்லை. அது எண்களை எழுத்துகளாகக் கருதி, அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்தை ஒப்பிட்டு அடுக்கியது. கட்டளைப் பெயரை அடுத்து '-என்' என்று சேர்த்தவுடன் கணினி அவற்றை எண்களாக மதிப்பிடுகிறது. 9, 70, 85, 100 என்னும் வரிசை கிடைக்கிறது. அதனோடு '-ஆர்' என்பதையும் சேர்த்தால் வரிசை தலைகீழாகும்.

(இப்பாடத்தில் கட்டளைச் சொற்கள் ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே உள்ளிட வேண்டும்.)

இவ்வாறு உள்ளிடப்படும் வரியைக் கட்டளை வரி என்பர். அதில் மூன்று உறுப்புகளைக் காணலாம். செய்ய வேண்டிய பணியைக் குறிப்பது கட்டளைப் பெயர். அப்பணியை எவ்வகையில் செய்ய வேண்டும் என்பதைக் குறிப்பது விருப்பத்தேர்வு. எதன்மீது செய்ய வேண்டும் என்பதைக் குறிப்பது செயலுருபு. முன்னால் நிற்கும் சிறுகோடே விருப்பத்தேர்வைக் கோப்பின் பெயரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

விருப்பத்தேர்வுகள் ஓரெழுத்தாகச் சுருங்கியதற்குக் காரணம் உண்டு. யூனிக்ஸ் உருவான காலத்தில் கணினியோடு உரையாடப் பயன்பட்டவை தொலையச்சுப் பொறிகள். அவற்றுள் பெரிதும் பரவியிருந்த 33ஆம் வகைப் பொறி, நொடிக்குப் பத்து எழுத்துகளையே தாளில் அச்சிட்டது. அந்நிலையில் சுருக்கம் தேவையாயிற்று. பிற்காலத்தில் குனூ திட்டம், இரட்டைச் சிறுகோட்டை அடுத்து முழுச்சொல்லை எழுதும் வழக்கத்தைப் பரவலாக்கியது. '-ஆர்' என்பதற்கு நிகராக '--ரிவர்ஸ்' என்றும் எழுதலாம். முன்னது விரைவாகத் தட்டச்சு செய்ய உதவுவது. பின்னது பார்த்தவுடன் பொருள் விளங்குவது.

கையேட்டின் தோற்றம்

ஓரெழுத்துக் குறிகளை எவரும் ஊகித்து அறிய இயலாது. அவற்றை விளக்கும் நூல் ஒன்று உடனிருக்க வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கிய கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகிய இருவரும் எழுதிய கையேட்டின் முதற்பதிப்பு, 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. கட்டளை ஒன்றுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கி, பெயர், சுருக்க வாய்பாடு, விளக்கம், தொடர்புடைய கோப்புகள் எனப் பகுத்து எழுதும் முறை அதிலேயே அமைந்துவிட்டது. குறைகளுக்கென்றே ஒரு தலைப்பு அதில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. தாம் படைத்த மென்பொருளின் குறையைத் தாமே பயனருக்கு அறிவிக்கும் நேர்மை, அந்நூல் மரபின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அப்பக்க அமைப்பு பெரிதும் மாறாமல் வழக்கில் உள்ளது.

வாய்பாட்டின் இலக்கணம்

கையேட்டுப் பக்கத்தின் உயிர்நாடி சுருக்க வாய்பாடு ஆகும். 'சார்ட்' கட்டளையின் வாய்பாட்டைச் சுருக்கிப் பின்வருமாறு எழுதலாம்:

சார்ட் [-என்] [-ஆர்] [-ஓ வெளியீட்டுக்கோப்பு] [கோப்பு ...]

இவ்வொரு வரியில் பல செய்திகள் அடங்கியுள்ளன. 'சார்ட்', '-என்', '-ஆர்', '-ஓ' ஆகியவற்றை உள்ளவாறே உள்ளிட வேண்டும். 'கோப்பு', 'வெளியீட்டுக்கோப்பு' ஆகியவை இடங்காட்டும் சொற்கள். அவற்றின் இடத்தில் பயனர் தம் கோப்பின் பெயரை எழுத வேண்டும். பகர அடைப்பும் முப்புள்ளியும் உள்ளிடுவதற்கு உரியவை அல்ல. அவை வாசகருக்கு மட்டுமே உரிய குறிப்புகள்.

தெரிந்து தெளிவோம்

வாய்பாட்டில் வரும் குறிகள்

பகர அடைப்பு [ ] – உள்ளிருப்பதை விட்டுவிடலாம்.
நிலைக்கோடு | – இருபுறமும் உள்ளவற்றுள் ஒன்றையே தெரிவு செய்ய வேண்டும்.
முப்புள்ளி ... – முன்னுள்ளதை மீண்டும் மீண்டும் தரலாம்.
கோண அடைப்பு < > அல்லது சாய்வெழுத்து – உள்ளிருப்பது இடங்காட்டும் சொல். அதனை மாற்றி எழுத வேண்டும்.

எனவே வாய்பாட்டில் மூவகைப் பொருள்கள் ஒரே வரியில் கலந்து நிற்கின்றன: அப்படியே உள்ளிட வேண்டியவை, மாற்றி எழுத வேண்டியவை, உள்ளிடக் கூடாதவை. பழகியவருக்கு இவற்றின் வேறுபாடு இயல்பாகவே தெரியும். முதன்முறை வாசிப்பவருக்குத் தெரியாது. அவர் பகர அடைப்பையும் சேர்த்து உள்ளிடுவார். அல்லது 'கோப்பு' என்னும் சொல்லையே தட்டச்சு செய்துவிட்டு, அப்பெயரில் கோப்பு இல்லை எனத் திரை அறிவிப்பதைக் கண்டு திகைப்பார். இது வாசகரின் அறியாமையால் நேர்ந்த பிழையன்று; வேறுபாட்டைக் காட்டத் தவறிய ஆவணத்தின் பிழையாகும். இப்பிழையைத் தவிர்க்கவே குறியிடல் தேவைப்படுகிறது.

தோற்றமா, பொருளா?

உரையின் பகுதிகளுக்கு இடையே சிறப்புக் குறிகளைச் செருகி, அப்பகுதிகளைப் பற்றிய செய்தியைக் கணினிக்குத் தெரிவிப்பதே குறியிடல். இதனை இருவகையாகச் செய்யலாம்.

முதல்வகை தோற்றக் குறியிடல். 'இதனைத் தடித்த எழுத்தில் காட்டுக', 'இதனைச் சாய்வெழுத்தில் காட்டுக' என ஏவுவது அது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் வழங்கிய கையேட்டுக் குறியீட்டுத் தொகுதி பெரிதும் இவ்வகையைச் சார்ந்தது. விருப்பத்தேர்வு தடித்த எழுத்திலும் இடங்காட்டும் சொல் சாய்வெழுத்திலும் அமையும். வாசகர் அத்தோற்றத்தைக் கண்டு பொருளை உணர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் தலைப்பும் தடித்த எழுத்திலேயே அமைகிறது. எச்சரிக்கையும் தடித்த எழுத்திலேயே அமைகிறது. ஒரே உடையணிந்த மூவருள் யார் மருத்துவர், யார் செவிலியர், யார் நோயாளி எனத் தெரியாத நிலை போன்றது இது.

இரண்டாம் வகை பொருட் குறியிடல். 'இது ஒரு விருப்பத்தேர்வு', 'இது இடங்காட்டும் சொல்', 'இது கட்டளைப் பெயர்' என உறுப்பின் இயல்பைக் கூறுவது அது. எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது பிறகு, வேறோர் இடத்தில், ஒரே முறை வரையறுக்கப்படும். இக்கருத்தின் வேர் 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்டு மோஷர், ரேமண்ட் லோரி ஆகியோர் மேற்கொண்ட பணியில் உள்ளது. அதன் வழியே வளர்ந்த பொதுமைப்பட்ட குறியிடல் மொழி, 1986இல் 8879 என்னும் எண்ணுடைய பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. மென்பொருள் ஆவணங்களுக்கென்றே 1991இல் தோன்றிய டாக்புக், இம்மரபில் வந்ததாகும். அதில் விருப்பத்தேர்வை எழுதுவோர்

<ஆப்ஷன்>-என்</ஆப்ஷன்>

என்று தொடக்க ஒட்டும் முடிவு ஒட்டும் இட்டு எழுதுவர். கட்டளைப் பெயருக்குக் 'கமாண்ட்' எனவும், இடங்காட்டும் சொல்லுக்கு 'ரீப்ளேசபிள்' எனவும் தனித்தனி ஒட்டுகள் உள்ளன.

யூனிக்ஸின் பெர்க்லி கிளையிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. அங்குச் சிந்தியா லிவிங்ஸ்டன் உருவாக்கிய 'எம்டாக்' குறியீட்டுத் தொகுதியில், '.எஃப்எல்' என்னும் குறியை அடுத்து விருப்பத்தேர்வின் எழுத்தை மட்டும் எழுதினால் போதும். சிறுகோட்டை அத்தொகுதியே இட்டுக்கொள்ளும். எழுதுபவர் சிறுகோட்டைத் தட்டச்சு செய்வதே இல்லை. இது சிறு வசதியாகத் தோன்றலாம்; ஆனால் ஒரு பெருஞ்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்தது.

ஒரே உருவம், பல கோடுகள்

தட்டச்சுப் பொறியில் கோட்டுக்கு ஒரே விசைதான் இருந்தது. சொற்களை இணைப்பதற்கும், எண்ணைக் கழிப்பதற்கும், இடைப்பிறவரலைக் காட்டுவதற்கும் அதுவே பயன்பட்டது. கணினியின் ஆஸ்கி குறியீட்டு முறையும் அவ்வழக்கத்தைப் பின்பற்றி 45ஆம் எண்ணில் ஒரு கோட்டை மட்டும் வைத்தது. கட்டளை வரி அறிந்த கோடு அதுவே. அச்சுக்கலையோ இவற்றை வெவ்வேறு எழுத்துருக்களாகவே கருதும். ஆகவே ஒருங்குறியில் இணைப்புக்குறி 8208, குறுகிய இடைக்கோடு 8211, நீண்ட இடைக்கோடு 8212, கழித்தல் குறி 8722 எனத் தனித்தனி எண்களைப் பெற்றன. கண்ணுக்கு இவை ஏறத்தாழ ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு.

சொற்செயலிகள் பல, அழகு கருதி, தட்டச்சு செய்த கோட்டைத் தாமாகவே இடைக்கோடாக மாற்றிவிடுகின்றன. இரட்டைச் சிறுகோடு ஒற்றை நெடுங்கோடாகிவிடுகிறது. அவ்வாறு மாறிய '–என்' என்பதை ஆவணத்திலிருந்து படியெடுத்துக் கட்டளை வரியில் ஒட்டினால், 'சார்ட்' அதனை விருப்பத்தேர்வாகக் கொள்வதில்லை. ஒரு கோப்பின் பெயராகக் கருதித் தேடி, கிடைக்கவில்லை என அறிவிக்கிறது. பயனர் நூலையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. தம் கணினியிலேயே கோளாறு என எண்ணி அவர் முயற்சியைக் கைவிடவும் கூடும்.

கையேடுகளை வடிவமைக்கும் குரோஃப் என்னும் மென்பொருளிலும் இச்சிக்கல் எழுந்தது. அதன் வரைமுறைப்படி வெறும் சிறுகோடு இணைப்புக்குறியையும், பின்சாய்கோட்டை முன்னிட்ட சிறுகோடு கட்டளைக்குரிய கோட்டையும் குறிக்கும். எழுதியோர் பலர் இவ்வேறுபாட்டைப் பின்பற்றவில்லை. 2023இல் வெளிவந்த குரோஃப் 1.23 பதிப்பு, கையேட்டுப் பக்கங்களில் வெறும் சிறுகோட்டை இணைப்புக்குறியாகவே காட்டத் தொடங்கியது. வரைமுறைப்படி அது சரியே. ஆயினும் பல பக்கங்களிலிருந்து படியெடுத்த விருப்பத்தேர்வுகள் இயங்காமல் போகும் நிலை உண்டாயிற்று. ஆதலால் டெபியன் தன் வெளியீட்டில் பழைய நடைமுறையையே தக்கவைத்தது. '.எஃப்எல்' குறியைக் கொண்டு எழுதப்பட்ட விருப்பத்தேர்வுகளுக்கோ இவ்விடர் நேரவில்லை. 'இது விருப்பத்தேர்வு' என்று மட்டுமே எழுதுபவர் கூறியிருந்தார். அதற்குரிய கோடு எது என்பதை அறிந்திருந்தது குறியீட்டுத் தொகுதி.

கோட்டைப் போன்றே இடைவெளியும் பொருளுடையது. 2011இல் பம்பில்பீ என்னும் திறமூல மென்பொருளின் நிறுவல் நிரலில், நீக்க வேண்டிய கோப்புறையின் முகவரி நடுவே ஓர் இடைவெளி தவறுதலாக நுழைந்துவிட்டது. ஒரு முகவரி இரண்டு முகவரிகளாயிற்று. அதனால், அந்நிரலை இயக்கியோரின் கணினிகளில் இன்றியமையாக் கோப்புகள் அடங்கிய 'யுஎஸ்ஆர்' கோப்புறையே நீக்கலுக்கு உள்ளாயிற்று. கட்டளையை இயக்கும் கணினி, எழுதியவரின் கருத்தை ஊகித்து அறிவதில்லை. எழுத்தை மட்டுமே அறியும்.

ஒரு குறி, பல வாசகர்

பொருட் குறியிடலின் பயன், பிழை தவிர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஓர் ஆவணத்தை வாசிப்போர் பலர்.

பார்வையற்ற பயனர் திரைவாசிப்பான் வழியே கையேட்டைக் கேட்கிறார். தடித்த எழுத்து என்பது ஒலியில் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. நிறுத்தக்குறிகளை விட்டு வாசிக்கும் அமைப்பில் சிறுகோடும் ஒலிக்காது. விருப்பத்தேர்வு என்னும் செய்தி ஒட்டிலேயே இருந்தால், அதனை ஒலியாக்கும் வழியை மென்பொருள் மேற்கொள்ள முடியும்.

தேடுபொறியும் ஒரு வாசகரே. '-என்' என்னும் விருப்பத்தேர்வு எந்தெந்தக் கட்டளைகளில் உள்ளது எனத் தேடும்போது, வெறும் எழுத்தைத் தேடினால் பயனற்ற முடிவுகள் குவியும். ஓபன்பிஎஸ்டி இயக்க அமைப்பின் கையேட்டுத் தேடல், விருப்பத்தேர்வு எனக் குறியிடப்பட்ட இடங்களில் மட்டும் தேட வல்லது.

அச்சுக்கோப்பவரும் ஒரு வாசகரே. நீண்ட சொல் வரியின் இறுதியில் உடையும்போது இணைப்புக்குறி இடுவது அச்சு மரபு. விருப்பத்தேர்வு அவ்வாறு உடைந்தால், அக்குறியும் கட்டளையின் பகுதியே என வாசகர் மயங்குவார். விருப்பத்தேர்வை வரியிறுதியில் உடைக்கலாகாது என்னும் விதியை அதற்குரிய ஒட்டுக்கு ஒருமுறை வகுத்தால், நூல் முழுவதும் அது காக்கப்படும்.

தமிழில் எழுதும்போது

கேடிஇ, குனோம் முதலிய திறமூல மென்பொருள்களின் இடைமுகங்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கம் செய்துள்ளனர். கட்டளை வரிக்கான விளக்கங்களைத் தமிழில் எழுதும்போதும் மொழிபெயர்க்கும்போதும் மொழியின் இயல்பால் சில தனிச்சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, எதை மொழிபெயர்ப்பது என்பது. 'வெளியீட்டுக்கோப்பு' என்னும் இடங்காட்டும் சொல்லைத் தமிழில் தரலாம், தர வேண்டும். '-ஓ' என்பதையோ தொடக்கூடாது. இரண்டும் வெவ்வேறு ஒட்டுகளுக்குள் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பெரிய எழுத்து இன்மை. ஆங்கில ஆவணங்கள் பலவற்றில் இடங்காட்டும் சொல்லைப் பெரிய எழுத்துகளில் எழுதி வேறுபடுத்துவர். தமிழில் அவ்வேறுபாடு இல்லை. எனவே கோண அடைப்போ பொருட் குறியிடலோ தமிழுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கட்டளை வரிக்கோ பெரிய, சிறிய எழுத்துகள் வெவ்வேறானவை. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையில் சிறிய 'ஆர்' வரிசையைத் தலைகீழாக்கும். பெரிய 'ஆர்' உட்கோப்புறைகளையும் பட்டியலிடும். இவற்றை எழுத்துப்பெயர்ப்பு செய்யாமல் மூல எழுத்திலேயே தருவதுதான் கையேட்டுக்குப் பொருந்தும்.

மூன்றாவது, வேற்றுமை உருபு. தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டி வரும். பிறமொழிக் குறியீட்டோடு உருபைச் சேர்க்கும்போது நடுவே ஒரு கோடிட்டு '-ஓ-ஐ' என எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. இங்கே முன்னுள்ள கோடு கட்டளைக்கு உரியது. பின்னுள்ள கோடு நமக்கு உரியது. வாசகர் இதனை எவ்வாறு அறிவார்? '-ஓ என்னும் விருப்பத்தேர்வை' என வகைப்பெயரைச் சேர்த்து, உருபை அப்பெயரின்மேல் ஏற்றுவதே தெளிவான முறை. தொடரின் இறுதியில் கட்டளையை நிறுத்தி, அதனையொட்டி முற்றுப்புள்ளி வைப்பதும் இத்தகைய மயக்கத்தைத் தரும். ஆகவே கட்டளையைத் தனிவரியில் அமைப்பது நன்று.

புள்ளி ஒன்று உயிர்மெய்யை மெய்யாக்கும் மொழி நம்முடையது. சிறுகுறி பெரும்பொருள் சுமக்கும் என்பது தமிழ் கற்போர்க்குப் புதிய செய்தியன்று. கையேட்டை எழுதுபவர், அதை வாசிப்பவரைப் பெரும்பாலும் நேரில் காண்பதில்லை. வாசிப்பவர் ஐயுறும்போது அருகிலிருந்து விளக்கவும் அவரால் இயலாது. 'இதை இவ்வாறே எழுதுக. இதை உமக்கேற்ப மாற்றுக. இதை விட்டுவிடுக' என அவர் கூற விரும்புவதையெல்லாம் குறியிடலே அவர் சார்பில் கூறுகிறது. அக்குறி பொருளைச் சரியாகச் சொன்னால், வாசிப்பவர் முதல்முறையிலேயே தம் பணியை முடித்து எழுவார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் நன்கறிந்த செயல் ஒன்றனுக்கு (எ.கா. நூலகத்தில் நூல் பெறுதல்) அறிவுறுத்தல் எழுதுக. அதில் அப்படியே பின்பற்ற வேண்டியவை, மாற்றிக்கொள்ள வேண்டியவை, விட்டுவிடத்தக்கவை ஆகியவற்றை வெவ்வேறு குறிகளால் வேறுபடுத்துக. உங்கள் குறிகள் விளங்குகின்றனவா என நண்பரிடம் தந்து அறிக.

2. சொற்செயலியில் இரட்டைச் சிறுகோட்டைத் தட்டச்சு செய்து, அது மாற்றமடைகிறதா எனக் கண்டு வகுப்பில் எடுத்துரைக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சுருக்க வாய்பாட்டில் பகர அடைப்பு உணர்த்துவது
அ) மீண்டும் தரலாம் ஆ) விட்டுவிடலாம் இ) ஒன்றைத் தெரிவு செய்க ஈ) மாற்றி எழுதுக

2. ஆஸ்கி முறையில் கட்டளை வரிக்குரிய கோட்டின் எண்
அ) 8208 ஆ) 8722 இ) 45 ஈ) 8211

குறுவினா

1. கட்டளை வரியின் மூன்று உறுப்புகள் யாவை?
2. விருப்பத்தேர்வுகள் ஓரெழுத்தாக அமைந்ததற்குக் காரணம் என்ன?

சிறுவினா

1. தோற்றக் குறியிடலையும் பொருட் குறியிடலையும் வேறுபடுத்துக.
2. வேற்றுமை உருபு கட்டளை விளக்கத்தில் ஏற்படுத்தும் மயக்கத்தையும் அதனைத் தவிர்க்கும் முறையையும் எழுதுக.

நெடுவினா

'ஆவணத்தைப் பின்பற்றியவர் தவறினால், பிழை ஆவணத்தினுடையதாகவும் இருக்கலாம்' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.